அமோனியாவை நேரடியாக மண்ணில் செலுத்தினால் என்ன? 'குறைந்த அளவு உரம்' சொல்வதற்கு எளிது, போடுவதற்கு ஏன் கஷ்டம்?

மின்னி பே (ஸ்ரீ விஜயபுரம்): போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினாலும், பேச்சுவழக்கில் இன்னும் பலருக்கு அது போர்ட் பிளேர்தான். அங்கே மின்னி பே-யில் இருந்து கொஞ்ச தூரம் போனால் ஜங்லிகாட் மீன் இறங்குதளம். மீன் இறங்கும் எந்த இடமாக இருந்தாலும் ஐஸ் இல்லாமல் வேலை நடக்காது. இந்தியாவில் பாளம் பாளமாக ஐஸ் தயாரிக்கும் ஆலைகளில் பெரும்பாலும் குளிரூட்டியாக இருப்பது அமோனியா.

அதே அமோனியாதான் யூரியாவுக்கும் மூலப்பொருள். உர ஆலையில் அமோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து யூரியாவாக மாற்றி, 45 கிலோ மூட்டையில் கட்டுகிறார்கள். அந்தமானுக்கு அந்த மூட்டை சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி கப்பலில் வர வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். யூரியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். நீரற்ற அமோனியாவில் 82 சதவீதம். 100 கிலோ நைட்ரஜன் வேண்டுமென்றால் யூரியாவாக 217 கிலோ சுமக்க வேண்டும். அமோனியாவாக 122 கிலோ போதும். அமெரிக்காவில் மக்காச்சோள விவசாயிகள் பல பத்தாண்டுகளாக அமோனியாவை அப்படியே மண்ணுக்குள் செலுத்தறாங்க. நாம ஏன் செய்யறதில்லை?

சட்டத்தில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் பட்டியலில் யூரியாவோடு அன்ஹைட்ரஸ் அமோனியாவும் இருக்கிறது. ஆபத்து ஒரு காரணம், அதற்குப் பிறகு வருவோம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் உண்டு: நம்ம வயலுக்கு ஒரு தவணையில் தேவைப்படுவது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எல்லா வரிசைக்கும் சமமாகக் கொடுப்பதுதான் அமோனியாவில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

கொதித்துக்கொண்டே இருக்கும் உரம்

'அன்ஹைட்ரஸ்' என்றால் நீரற்ற என்று பொருள். வீட்டில் தரை துடைக்கும் அமோனியா கரைசல் வேறு, இது வேறு. இதில் தண்ணீர் கிட்டத்தட்ட கிடையாது. சாதாரண காற்றழுத்தத்தில் இது மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம்ம ஊர் வெயிலில் இதை திரவமாக வைத்திருக்க ஒரே வழி, கனமான எஃகுத் தொட்டிக்குள் அடைத்து அழுத்தத்தில் வைப்பது. வெளியே 10 டிகிரி என்றால் தொட்டிக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 6 மடங்கு. 20 டிகிரியில் எட்டரை மடங்கு. 30 டிகிரியைத் தொட்டால் 11 மடங்குக்கு மேல்.

வயலில் போடும் முறை பார்க்க எளிமையானது. டிராக்டருக்குப் பின்னால் நீளமான ஒரு சட்டம். அதில் மண்ணைக் கீறும் கத்திகள் வரிசையாக இருக்கும். அதற்கும் பின்னால் அமோனியா தொட்டி. தொட்டியில் இருந்து ஒரு குழாய், வால்வு வழியாக ஒரு பிரிப்பானுக்கு வரும். பிரிப்பான் என்பது ஒரே வழியில் வருவதை பத்து, பன்னிரண்டு ஹோஸ்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் உலோக உருளை. ஒவ்வொரு ஹோஸும் ஒரு கத்தியின் பின்புறமாக இறங்கி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் அமோனியாவை விடும். அது மண்ணின் ஈரத்தோடும் களிமண்ணோடும் உடனே ஒட்டிக்கொள்ளும். கீறல் சரியாக மூடவில்லை என்றால் போட்ட காசு காற்றில் போகும்.

இதில் பம்ப் எங்கே என்று கேட்கலாம். பெரும்பாலான கருவிகளில் கிடையாது. தொட்டியின் சொந்த அழுத்தம்தான் அமோனியாவைத் தள்ளுகிறது. எல்லா வசதிக்கும் காரணம் அதுதான், எல்லாத் தொல்லைக்கும் காரணமும் அதுதான்.

திருகைக் கொஞ்சம் மூடினால் போதாதா?

போதாது. தண்ணீர்க் குழாய் என்றால் திருகைப் பாதி மூடினால் பாதித் தண்ணீர் வரும், எல்லா ஹோஸிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். அமோனியா அப்படி நடந்துகொள்ளாது.

தொட்டியில் இருக்கும்போது அது கொதிக்கும் நிலையின் விளிம்பில் இருக்கிறது. அழுத்தம் துளி குறைந்தாலும் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்: விசிலை எடுத்தவுடன் உள்ளே இருக்கும் நீர் எப்படிப் பொங்குகிறதோ, வால்வைத் தாண்டியதும் அமோனியாவும் அப்படித்தான்.

எவ்வளவு ஆவியாகும் என்று கணக்கு போட்டுப் பார்த்தேன். தொட்டி 20 டிகிரியில் இருக்கிறது, வால்வைத் தாண்டி பிரிப்பானில் அழுத்தம் காற்றழுத்தத்தின் 3 மடங்காகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எடையில் சுமார் 10 சதவீதம்தான் ஆவி. கேட்க சின்ன எண்ணாகத்தான் இருக்கு. ஆனால் அதே ஆவி பிரிப்பானுக்குள் பிடிக்கும் இடம்? நூற்றுக்கு 97 பங்கு. அதாவது பிரிப்பானுக்குள் நிறைந்திருப்பது கிட்டத்தட்ட முழுக்க வாயு. உரத்தின் பத்தில் ஒன்பது பங்கு எடையைச் சுமக்கும் திரவம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் மெல்லிய படலம். அந்தப் படலம் எந்த ஹோஸ் பக்கம் சாய்கிறதோ, அந்த வரிசைக்கு உரம் கொட்டும். பக்கத்து வரிசைக்கு வெறும் வாயு போகும்.

இப்போது அளவைக் குறைப்போம். ஹெக்டேருக்குக் குறைவாகப் போட வேண்டும் என்றால் வால்வை இன்னும் இறுக்க வேண்டும். இறுக்க இறுக்க, அழுத்தம் எல்லாம் வால்விலேயே செலவாகிவிடும். பிரிப்பானுக்கு வந்து சேர்வது சொற்பம். ஒரே துளை வழியாகப் போகும் சாதாரண திரவத்திற்கே ஒரு விதி உண்டு: ஓட்டம் பாதியானால் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். அழுத்தம் குறைந்தால் ஆவி அதிகம். ஆவி அதிகமானால் பங்கீடு இன்னும் மோசம். குறைந்த அளவு என்பது ஒரு சுழலில் மாட்டிக்கொள்வது மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிராக்டரில் இருக்கும் திரை எதையும் காட்டிக்கொடுக்காது. மொத்த ஓட்டத்தை அளக்கும் மீட்டர் 'ஹெக்டேருக்கு 30 கிலோ' என்று சரியாகவே சொல்லும். ஒரு வரிசைக்கு 20, இன்னொன்றுக்கு 40 போயிருந்தாலும் சராசரி 30தானே! பயிர் சராசரியைச் சாப்பிடுவதில்லை. 40 கிடைத்த வரிசையில் கூடும் விளைச்சல், 20 கிடைத்த வரிசையில் குறைவதை ஈடு செய்யாது. மிஞ்சிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்கும்.

அமெரிக்காவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் பலவகைப் பிரிப்பான்களை வயலில் ஓட்டி, ஒவ்வொரு ஹோஸிலும் எவ்வளவு வருகிறது என்று தனித்தனியாகப் பிடித்து எடை போட்டார்கள். ஹெக்டேருக்கு 84 கிலோ, 168 கிலோ நைட்ரஜன் என இரண்டு அளவுகள். வழக்கமான பழைய பிரிப்பானில் வரிசைக்கு வரிசை வேறுபாடு அதிகம். 'வெர்டிகல் டேம்' போன்ற புதிய வடிவங்களில் குறைவு. 84 கிலோ என்பதுதான் அவர்களுடைய ஆய்வில் 'குறைந்த அளவு'. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அவர்கள் கண்டுபிடித்த வழிகள் எல்லாமே ஒரே யோசனையைச் சுற்றித்தான்: கடைசி நிமிடம் வரை அமோனியாவைத் திரவமாகவே வைத்திரு. அதற்கு முதல் வழி, நெருக்கடியை வால்வில் வைக்காமல் ஹோஸின் முனைக்குத் தள்ளுவது. ஒவ்வொரு ஹோஸிலும் சிறிய துளையுள்ள தகடு போட்டால், பிரிப்பானுக்குள் அழுத்தம் இறங்காமல் நிற்கும். கொதிப்பது பங்கு பிரித்த பிறகுதான் நடக்கும். குறைந்த அளவுக்கு வால்வை இறுக்குவதை விட, சின்னத் துளைக்கு மாறுவதுதான் சரி. பிரிப்பானில் ஒரு அழுத்தமானி இல்லாவிட்டால் இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்பதே தெரியாது.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, ஏன்னா அது அப்படியே ஐஸ் ஆலைதான். வால்வுக்கு முன்னால் ஒரு குளிர்விப்பானை வைக்கிறார்கள். வரும் அமோனியாவில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து, குளிர்விப்பானுக்குள் வேண்டுமென்றே கொதிக்க விடுகிறார்கள். கொதிக்கும்போது அது மீதி அமோனியாவின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மீதி, கொதிநிலைக்குக் கீழே குளிர்ந்து, குமிழி இல்லாத திரவமாக மீட்டருக்குள் போகும். குமிழி இருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும், அதற்கும் இது மருந்து. பிரிந்துபோன ஆவியையும் வீணாக்காமல் தனி ஹோஸில் மண்ணுக்கே அனுப்புகிறார்கள்.

பணம் இருப்பவர்கள் பம்ப் வைக்கிறார்கள். தொட்டியின் அழுத்தத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துவிட்டால் வழியில் கொதிக்கவே வாய்ப்பில்லை. குளிர்காலத்தில் தொட்டி அழுத்தம் தானாகக் குறையும்போது இது கைகொடுக்கும். ஒரு பைசா செலவில்லாத வழியும் உண்டு: வேகமாக ஓட்டுவது. ஹெக்டேருக்கு அளவு மாறாமல் மணிக்கு 8 கிலோமீட்டருக்குப் பதிலாக 12-ல் ஓட்டினால், நிமிடத்துக்கு ஒன்றரை மடங்கு அமோனியா ஓட வேண்டியிருக்கும், அழுத்தம் நிற்கும். கீறல் மூடும் வேகத்தில்தான் ஓட்ட முடியும் என்பது வேறு விஷயம். மற்றபடி ஹோஸ்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், பயன்படுத்தாத வாய்களை ஒரே பக்கமாக அடைக்காமல் சுற்றிலும் சமமாக அடைக்க வேண்டும்.

நம்ம தவணைக்கு இது சரிப்படுமா?

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் குறுகிய கால நெல்லுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பது, பகுதியைப் பொறுத்து ஹெக்டேருக்கு 120 முதல் 150 கிலோ நைட்ரஜன். அதையும் ஒரே தடவையில் போடச் சொல்வதில்லை. அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்கு பங்கு. 120 கிலோவை நான்காகப் பிரித்தால் தவணைக்கு 30 கிலோ. அயோவாவில் 'குறைந்த அளவு' 84 என்று பார்த்தோம். நமது தவணை அதில் பாதிகூட இல்லை.

ஒரு கற்பனை செய்து பார்ப்போம். 9 மீட்டர் அகலம், 12 கத்தி, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம். 84 கிலோ என்றால் ஒரு கத்திக்கு நிமிடத்துக்கு சுமார் 1.7 லிட்டர் அமோனியா ஓடும். 30 கிலோ என்றால் 0.6 லிட்டர், அதாவது நொடிக்கு இரண்டு டீஸ்பூன். கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு திரவத்தை நொடிக்கு இரண்டு டீஸ்பூன் என்று 12 பேருக்குச் சமமாகப் பங்கு வைக்க வேண்டும்.

நிலத்தின் அளவையும் பார்க்க வேண்டும். அங்கே வயலுக்கு இழுத்துவரும் வழக்கமான தொட்டியில் சுமார் 2 டன் அமோனியா இருக்கும். தவணைக்கு 30 கிலோ என்றால் அது கிட்டத்தட்ட 55 ஹெக்டேருக்கு வரும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ஒரு தொட்டி எழுபதுக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு! அதுவரை அந்தத் தொட்டி ஊருக்குள் எங்கே நிற்கும்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயைக் குளிர்விக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட அளவு 400. கசிந்தது 67.6 டன் என்று நிபுணர் குழு கணக்கிட்டது. விவசாயத் தொட்டி அதைவிடச் சின்னதுதான். ஆனால் 2019 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் இலினாய் மாநிலம் பீச் பார்க்கில் ஒரு டிராக்டர் இழுத்துச் சென்ற அமோனியா தொட்டியில் ஏற்பட்ட கசிவே, மீட்க வந்தவர்கள் உட்படப் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. அமோனியா தண்ணீரைத் தேடிப் போகும் பொருள். நம் உடலில் அது கண்டுபிடிக்கும் தண்ணீர் கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கிறது. மேலே பட்டால் உடனே, குறைந்தது 15 நிமிடம், நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருப்பதுதான் முதலுதவி.

எள்ளோடு மணல் கலப்பது எதற்கு?

கொஞ்சமாகவும் சமமாகவும் போடுவது எப்படி என்ற கேள்விக்கு நம்ம வயலில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. எள் விதைக்கிறவர்கள் விதையை அப்படியே கையில் அள்ளி வீசுவதில்லை. விதையைப் போல நான்கு மடங்கு உலர்ந்த மணலோடு கலந்துதான் விதைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரையும்கூட. ஹெக்டேருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லம் போடுவதற்கு 25 கிலோ தொழு உரமும் 25 கிலோ மண்ணும் சேர்ப்பது இதே கணக்குதான். கைக்கு ஒரு பழகிய அளவு உண்டு. அதற்குக் குறைவாக வீசச் சொன்னால் தடுமாறும். அதனால் கையின் அளவை மாற்றாமல், வீசும் பொருளைப் பெருக்குகிறோம்.

அன்ஹைட்ரஸ் அமோனியாவில் இது முடியாது. கலந்து பெருக்க அதில் எதுவும் இல்லை. நீரற்றது என்ற பெயரே அதுதானே. அதனால்தான் துளைத் தகடு, குளிர்விப்பான், பம்ப் என்று அவ்வளவு பாடு. தண்ணீரில் கரைத்துவிட்டால் ஓட்டம் அடங்கிவிடும். கலிஃபோர்னியாவில் 1930-களிலேயே பாசன நீரில் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் அப்போது 82 சதவீதம் என்ற லாபம் கரைந்துபோகும், மேற்பரப்பில் இருந்து அமோனியா ஆவியாகவும் செய்யும்.

யூரியாவில் பெருக்கலாம். தவணைக்கு 30 கிலோ நைட்ரஜன் என்பது ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. பல்கலைக்கழகம் சொல்வது யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம் பிண்ணாக்கு 1 என்ற விகிதத்தில் கலந்து ஒரு இரவு வைத்திருந்து போடுவது. சத்து மெதுவாக வெளிவர வேண்டும் என்பது இதன் முதல் நோக்கம். கூடவே 26 கிலோ 52 கிலோ ஆகிவிடுவதால் வயலின் மூலை வரை கை ஒரே சீராகப் போகும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமானில், ஒரே தடவையில் நிறையப் போட்டால் கடலுக்குத்தான் போகும். சின்னச் சின்னத் தவணைதான் வழி, அதனால் இந்த விஷயம் அங்கே இன்னும் முக்கியம்.

சொட்டுநீரில் அதே பிரச்சினை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-05-ல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டத்துக்குப் பிறகு, சொட்டுநீரோடு உரம் விடுவது தமிழ்நாட்டில் பரவலானது. இங்கே அமோனியா இல்லை. ஆனால் குறைந்த ஓட்டம் என்றால் கருவி தடுமாறும் என்ற குணம் அப்படியே இருக்கிறது.

வென்சுரியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் போதுமான வித்தியாசம் இருந்தால்தான் அது உரக் கரைசலை உறிஞ்சும். மோட்டார் அழுத்தம் குறைந்தாலோ, ஒரே நேரத்தில் இரண்டு வயலுக்கு வால்வைத் திறந்தாலோ உறிஞ்சுவது குறையும். ஒரு கட்டத்தில் நின்றே போகும். பக்கெட்டில் கரைசல் அப்படியே இருக்கும், நீங்கள் போட்டுவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இந்தத் தவணைக்கு 3 கிலோதான் என்றால் அதைக் கெட்டியாகக் கரைத்து, வென்சுரியின் திருகை இறுக்கிச் சொட்டுச் சொட்டாக விடாதீர்கள். நிறையத் தண்ணீரில் கரைத்து, வென்சுரி வழக்கமாக உறிஞ்சும் வேகத்திலேயே விடுங்கள். எள்ளும் மணலும்தான் இதுவும்.

சமமாகப் போகிறதா என்று பார்க்க மீட்டரை நம்ப வேண்டாம், சில டம்ளர்கள் போதும். முதல் பக்கக் குழாய், நடுக் குழாய், கடைசிக் குழாய் ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, கடைசி சொட்டுவான்களுக்குக் கீழே ஒன்பது டம்ளர் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். கடைசி டம்ளர் மட்டும் குறைந்தால் அழுத்தம் போய்ச் சேரவில்லை. நடுவில் ஏதோ ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சொட்டுவானில் அடைப்பு. உரம் விட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓடட்டும்; குழாய்க்குள் தங்கும் கரைசல்தான் அடுத்த அடைப்புக்கு ஆரம்பம்.